ஜெயித்தது நாங்கள், மேலே நிற்பது அவர்கள்

கேள்வி இதுதான்: "பக்கத்து நாட்டு அணியை நேரடி ஆட்டங்களில் நாங்கள் தொடர்ந்து தோற்கடிக்கிறோம். ஆனாலும் ஃபிஃபா தரவரிசையில் அவர்கள்தான் எங்களுக்கு மேலே இருக்கிறார்கள். அந்த எண்ணைக் காட்டியே அவர்களுடைய ரசிகர்கள் எங்கள் வாயை அடைக்கிறார்கள். தரவரிசை தவறா, இல்லை நாங்கள்தான் அதைத் தப்பாகப் படிக்கிறோமா?"

தரவரிசை தவறில்லை. உங்கள் கோபத்திலும் தவறில்லை. நீங்கள் கேட்பது "எங்கள் இருவரில் யார் பெரியவர்" என்ற கேள்வி. தரவரிசை அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. கடந்த பல வருடங்களில் யார் யாரிடம், எவ்வளவு முக்கியமான ஆட்டத்தில், எவ்வளவு புள்ளி சேர்த்தார்கள் என்ற கணக்கைத்தான் அது சொல்கிறது. பல வருடங்களாக ஒவ்வொரு சர்வதேச ஆட்டத்துக்குப் பிறகும் இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு. ரசிகர்களுக்குள் நடக்கும் வாக்குவாதங்களில் பாதிக்கு மேல் இந்தக் கணக்கு தெரியாததால் வருபவை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உலகிலேயே பெரிய அண்டை வீட்டுச் சண்டையிலிருந்து தொடங்கலாம். 2022 டிசம்பர் 18 அன்று கத்தாரில் அர்ஜென்டினா உலகக் கோப்பையை வென்றது. நான்கு நாள் கழித்துப் புதிய தரவரிசை வெளியானது. முதல் இடத்தில் பிரேசில் இருந்தது! காலிறுதியிலேயே குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்று வீட்டுக்குப் போன அணி 1840.77 புள்ளிகளுடன் முதலிடத்தில். கோப்பையைத் தூக்கிய அணி 1838.38 புள்ளிகளுடன் இரண்டாமிடத்தில். வித்தியாசம் 2.39 புள்ளி. அர்ஜென்டினா ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். பிரேசில் ரசிகர்களுக்கு அந்தச் சோகத்திலும் பிடித்துக்கொள்ள ஒரு கொழுகொம்பு கிடைத்தது.

இதில் சூழ்ச்சி எதுவும் இல்லை. போட்டி தொடங்கும்போது பிரேசிலிடம் 1841.30 புள்ளி இருந்தது, அர்ஜென்டினாவிடம் 1773.88. அதாவது 67 புள்ளிக்கு மேல் இடைவெளி. தென் அமெரிக்கத் தகுதிச் சுற்றில் பிரேசில் ஒரு ஆட்டம்கூடத் தோற்காமல் சேர்த்த சொத்து அது. அப்புறம் அர்ஜென்டினா முதல் ஆட்டத்திலேயே சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றது. அந்த ஒரே தோல்வியில் ஏறக்குறைய 39 புள்ளி போனது. பிரேசிலும் சும்மா இல்லை. அடுத்த சுற்று உறுதியான பிறகு முக்கிய வீரர்களுக்கு ஓய்வு கொடுத்து ஆடி கேமரூனிடம் 1-0 என்று தோற்று 41 புள்ளி போலக் கொடுத்தது. ஆனால் குரோஷியாவிடம் தோற்றதற்கு ஒரு புள்ளியும் குறையவில்லை. உலகக் கோப்பை போன்ற பெரிய போட்டிகளின் நாக்-அவுட் சுற்றில் தோற்றால் புள்ளி கழிக்கப்படாது என்பது விதி.

இன்னொரு நுணுக்கம்தான் முடிவைத் தீர்மானித்தது. பெனால்டி ஷூட்-அவுட்டில் ஜெயித்தால் அது முழு வெற்றியாக எண்ணப்படாது. வெற்றிக்கு 1, டிராவுக்கு 0.5, ஷூட்-அவுட் வெற்றிக்கு 0.75. காலிறுதியிலிருந்து ஒவ்வொரு உலகக் கோப்பை ஆட்டத்தின் எடை, அதாவது இந்த மதிப்பைப் பெருக்கும் எண், 60. ஆக, ஷூட்-அவுட்டில் ஜெயிப்பதால் கைநழுவுவது 60-இல் கால் பங்கு, 15 புள்ளி. அர்ஜென்டினா நெதர்லாந்தைக் காலிறுதியிலும் பிரான்ஸை இறுதியிலும் ஷூட்-அவுட்டில்தான் வென்றது. அந்த இரண்டில் ஒன்றை மட்டும் 120 நிமிடத்துக்குள் முடித்திருந்தால், கோப்பையோடு முதலிடமும் அன்றைக்கே வந்திருக்கும். இறுதி ஆட்டம் நடந்த லுசைல் மைதானத்தில் கடைசி நேரத்தில் பிரான்ஸின் எம்பாப்பே அடித்த ஒரு கோல் அர்ஜென்டினாவின் முதலிடத்தை நான்கு மாதம் தள்ளிப்போட்டது என்று சொன்னாலும் மிகையில்லை. 2023 மார்ச்சில் பிரேசில் நட்பு ஆட்டத்தில் மொராக்கோவிடம் 2-1 என்று தோற்றது. அர்ஜென்டினா பனாமாவையும் குராசோவையும் வென்றது. ஏப்ரலில் இடம் மாறியது.

இப்போது கணக்குக்கு வருவோம். 2018 ஆகஸ்டிலிருந்து நடப்பில் இருப்பது சதுரங்க வீரர்களை மதிப்பிடும் எலோ முறையை ஒட்டிய ஏற்பாடு. ஆர்பாத் எலோ என்ற ஹங்கேரிய வம்சாவளி இயற்பியல் பேராசிரியர் அமெரிக்காவில் இருந்துகொண்டு உருவாக்கியது அது. அடிப்படை எளிமையானது. ஆட்டத்துக்கு முன்பே இரண்டு அணிகளின் புள்ளியையும் பார்த்து, யாரிடம் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கணிக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும், கிடைத்ததிலிருந்து எதிர்பார்த்ததைக் கழிக்கிறார்கள். மீதியை அந்த ஆட்டத்தின் எடையால் பெருக்குகிறார்கள். வருவதைப் பழைய புள்ளியோடு கூட்டுகிறார்கள், அல்லது கழிக்கிறார்கள். அவ்வளவுதான்.

இரண்டு அணிகளும் சமம் என்றால் ஆளுக்கு 0.5 எதிர்பார்ப்பு. 150 புள்ளி இடைவெளி இருந்தால் கீழே உள்ள அணிக்கு 0.36 தான், மேலே உள்ள அணிக்கு 0.64. 300 புள்ளி என்றால் மேலே உள்ள அணியிடம் 0.76 எதிர்பார்ப்பார்கள். அதனால்தான் சின்ன அணியை அடித்தால் கொஞ்சம்தான் ஏறும், சின்ன அணியிடம் அடிவாங்கினால் மடமடவென்று சரியும்.

எடைதான் பலருக்கும் தெரியாத விஷயம். சர்வதேச ஆட்டங்களுக்கென்று ஒதுக்கப்பட்ட நாட்களில் நடக்கும் நட்பு ஆட்டத்துக்கு 10, அந்த நாட்களுக்கு வெளியே நடந்தால் வெறும் 5. ஒரே கண்டத்து நாடுகள் மோதும் நேஷன்ஸ் லீக் போட்டியின் குழு ஆட்டத்துக்கு 15. உலகக் கோப்பைக்கும் கண்டக் கோப்பைக்குமான தகுதிச் சுற்றுக்கு 25. கண்டக் கோப்பையில் காலிறுதிக்கு முன்பு வரை 35, அதன் பிறகு 40. உலகக் கோப்பையில் 50, காலிறுதியிலிருந்து 60. எத்தனை கோல் அடித்தீர்கள் என்பது கணக்கில் இல்லை. சொந்த மண்ணில் ஆடினீர்களா என்பதும் இல்லை. 1-0 என்றாலும் 7-0 என்றாலும் ஒன்றுதான். (பெண்கள் தரவரிசை வேறு மாதிரி, அதில் கோல் வித்தியாசத்துக்கும் சொந்த மைதானத்துக்கும் இடம் உண்டு.)

உங்கள் கேள்விக்கு நேராகப் பொருந்தும் உதாரணம் இந்தோனேசியாவும் வியட்நாமும். 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தோனேசியா 1-0 என்று வியட்நாமை வென்றது. மார்ச் மாதம் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் ஐந்து நாள் இடைவெளியில் ஜகார்த்தாவில் 1-0, ஹனோயில் 3-0. பத்து வாரத்துக்குள் மூன்று வெற்றி, மூன்றிலும் ஒரு கோல்கூட வாங்கவில்லை. ஹனோய் தோல்வி நடந்த அன்றே வியட்நாம் பயிற்சியாளர் பிலிப் த்ரூசியே பதவி இழந்தார். சரி, ஏப்ரல் தரவரிசை என்ன சொன்னது? வியட்நாம் 115, இந்தோனேசியா 134. தென்கிழக்கு ஆசிய ரசிகர்கள் அளவுக்கு இந்தப் புள்ளிக் கணக்கைக் கரைத்துக் குடித்தவர்கள் உலகில் குறைவு. ஆட்டம் முடிந்த நிமிடமே அணி எத்தனை இடம் ஏறியது, பக்கத்து நாடு எத்தனை இடம் இறங்கியது என்று போட்டுவிடுவார்கள். அவர்களுக்கே அந்தப் பட்டியல் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

காரணம் வியட்நாமின் பழைய சேமிப்பு. தென் கொரியரான பார்க் ஹாங்-சியோ பயிற்சியாளராக இருந்த வருடங்களில் வியட்நாம் முதல்முறையாக உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டத்துக்குப் போனது. 2022 பிப்ரவரியில் சீனாவை 3-1 என்று வென்றது. முதல் நூறு இடங்களுக்குள் நின்றது. அந்தக் காலத்தில் இந்தோனேசியா வெகு கீழே இருந்தது. 2015-இல் ஃபிஃபா விதித்த ஓராண்டுத் தடையால் சர்வதேச ஆட்டமே இல்லாமல் போய், 2016-இல் 191-ஆவது இடம் வரை விழுந்த அணி அது. இப்போதைய முறையில் பழைய ஆட்டங்களுக்குக் காலாவதி கிடையாது. சேர்த்த புள்ளியைத் தோற்றோ, கீழே உள்ள அணியோடு டிரா செய்தோதான் இழக்க முடியும். ஆகவே இன்றைக்கு யார் நன்றாக ஆடுகிறார்கள் என்பதைத் தரவரிசை கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டும். மூன்று ஆட்டத்தில் ஒரு தலைமுறையின் சேமிப்பு கரைந்துவிடாது.

அதே பகுதியிலிருந்தே இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் ரசிகர்களுக்கு மிகவும் வலிப்பது இதுதான். தென்கிழக்கு ஆசியக் கோப்பை அங்கே உயிருக்குச் சமம். 2024-ஆம் ஆண்டுப் போட்டியின் இறுதியில் வியட்நாம் தாய்லாந்தைச் சொந்த மண்ணில் 2-1 என்றும், மூன்று நாள் கழித்து பாங்காக்கில் 3-2 என்றும் வென்று கோப்பையை எடுத்துக்கொண்டது. ஆனால் அந்தப் போட்டி சர்வதேச நாட்களுக்கு வெளியே, டிசம்பர், ஜனவரியில் நடந்தது. ஃபிஃபா கணக்கில் அதன் எடை 5. இறுதியின் இரண்டு ஆட்டங்களையும் ஜெயித்து வியட்நாம் பெற்றது மொத்தம் 10 புள்ளிக்கும் குறைவு. கோப்பை ஹனோய்க்குப் போனது. தரவரிசையில் தாய்லாந்து அப்போதும் மேலேயே நின்றது. அண்டை நாட்டு ரசிகர்கள் எந்தக் கோப்பைக்காக உயிரை விடுகிறார்களோ, அந்தக் கோப்பைக்குத்தான் தரவரிசையில் மதிப்பு மிகக் குறைவு. எனக்கு இது நியாயமாகப் படவில்லை. பிராந்தியக் கோப்பைகளுக்குக் குறைந்தது நேஷன்ஸ் லீக் அளவு எடையாவது கொடுக்கலாம். பல நாடுகளுக்கு அதுதான் வாழ்நாளின் பெரிய மேடை.

இந்தியாவும் வங்கதேசமும் 2025 நவம்பரில் டாக்காவில் ஆடியது பலருக்கு நினைவிருக்கும். 183-ஆவது இடத்திலிருந்த வங்கதேசம், 136-ஆவது இடத்திலிருந்த இந்தியாவை 1-0 என்று வென்றது. 22 வருடத்தில் இந்தியா மீது அவர்களுக்குக் கிடைத்த முதல் வெற்றி. அந்த இரவுக்குப் பிறகும் பட்டியலில் இந்தியாதான் மேலே. ஆனால் அன்றைக்கு டாக்காவில் யாராவது பட்டியலைப் பார்த்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

2018-க்கு முன்பிருந்த முறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் "தரவரிசை என்பதே மோசடி" என்ற எண்ணம் அந்தக் காலத்தில்தான் பிறந்தது. தரவரிசை முதலில் வந்தது 1992 டிசம்பரில். 1999-இலும் 2006-இலும் முறையை மாற்றினார்கள். 2006 முதல் 2018 வரை இருந்த முறையில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புள்ளி கொடுத்து, பிறகு சராசரி எடுத்தார்கள். சராசரி என்று வந்துவிட்டால், குறைந்த புள்ளி தரும் ஆட்டத்தை ஆடாமல் இருப்பதே லாபம். நட்பு ஆட்டத்தில் ஜெயித்தால்கூட சராசரி இறங்கலாம்!

இதை நன்றாகப் புரிந்துகொண்ட நாடு வேல்ஸ். 2011 ஆகஸ்டில் 117-ஆவது இடம். நான்கே வருடம் கழித்து, 2015 செப்டம்பரில் 9-ஆவது இடம். 10-ஆவது இடத்தில் இங்கிலாந்து. சுமார் 30 லட்சம் பேர் வாழும் நாடு, வரலாறு முழுக்கத் தன்னைத் தம்பியாகவே பார்த்த பெரிய அண்டை நாட்டைத் தரவரிசையில் முதன்முறையாகத் தாண்டியது. கேரத் பேல், ஆரன் ராம்சி தலைமுறையின் திறமை அதில் பெரும்பங்கு. அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. 2015 ஜூனில் அப்போது 2-ஆவது இடத்திலிருந்த பெல்ஜியத்தை 1-0 என்று வென்றார்கள். பழைய சூத்திரப்படி அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் சுமார் 1,470 புள்ளி. ஆனால் கூடவே இன்னொன்றும் செய்தார்கள்: 2014 ஜூனுக்குப் பிறகு 2015 நவம்பர் வரை ஒரு நட்பு ஆட்டமும் ஆடவில்லை. இங்கிலாந்து அந்த யூரோ (ஐரோப்பியக் கோப்பை) தகுதிச் சுற்றில் எல்லா ஆட்டங்களிலும் ஜெயித்துக்கொண்டிருந்தது, கடைசியில் பத்துக்குப் பத்தும் ஜெயித்தது. ஆனால் இடையிடையே நட்பு ஆட்டங்களும் ஆடி, இத்தாலியோடும் அயர்லாந்தோடும் டிரா செய்தது. 60-ஆம் இடத்தை ஒட்டிய அணியோடு நட்பு ஆட்டத்தில் டிரா செய்தால் 140 புள்ளி போலத்தான் கிடைக்கும். 1,470-க்குப் பக்கத்தில் 140-ஐ வைத்துச் சராசரி எடுத்தால் என்ன ஆகும்?

அடுத்த வருடம் யூரோ 2016-இல் இருவரும் ஒரே குழுவில் வந்தார்கள். பிரான்ஸின் லான்ஸ் நகரில் இங்கிலாந்து 2-1 என்று கடைசி நேர கோலில் வென்றது. இங்கிலாந்து ரசிகர்களுக்கு நிம்மதி. பத்து நாள் தாண்டியதும் அதே இங்கிலாந்து ஐஸ்லாந்திடம் தோற்று வெளியேறியது. வேல்ஸ் பெல்ஜியத்தை மறுபடியும் வென்று அரையிறுதிக்குப் போனது. நேரடி ஆட்டத்தில் ஜெயித்தது ஒருவர், தூரம் போனது இன்னொருவர். இரண்டு தரப்பும் இன்றுவரை அந்தக் கோடையைத் தன்னுடையது என்றே சொல்கிறது. இரண்டுமே உண்மை.

போலந்து இதையே இன்னும் கச்சிதமாகச் செய்தது. 2017-இல் அக்டோபர் தரவரிசை வரை நட்பு ஆட்டமே ஆடவில்லை. 6-ஆவது இடத்தைப் பிடித்து 2018 உலகக் கோப்பையில் யார் எந்தக் குழு என்று முடிவு செய்யும் குலுக்கலில், ஒன்றோடொன்று ஒரே குழுவில் வராத முன்னணி அணிகளின் முதல் தொகுப்பில் உட்கார்ந்தது. 8-ஆவது இடத்திலிருந்த ஸ்பெயின் இரண்டாம் தொகுப்புக்குத் தள்ளப்பட்டு, முதல் தொகுப்பிலிருந்த அண்டை நாடான போர்ச்சுகலின் குழுவிலேயே வந்து விழுந்தது. சோச்சியில் ரொனால்டோ மூன்று கோல் அடித்த அந்த 3-3 ஆட்டம் நமக்குக் கிடைத்ததற்கு ஒரு விதத்தில் போலந்தின் இந்த ஏற்பாடும் காரணம். போலந்து தன் குழுவில் கடைசி இடம்.

அதற்கு நேர் எதிர் பிரேசில். 2014 உலகக் கோப்பையை நடத்திய நாடு என்பதால் தகுதிச் சுற்று ஆடத் தேவையில்லை. எல்லாம் நட்பு ஆட்டம். 2013 ஜூனில் 22-ஆவது இடத்துக்கு விழுந்தது. அர்ஜென்டினா அப்போது முதல் ஐந்துக்குள். அதே மாதம் 30-ஆம் தேதி, முதலிடத்திலிருந்த ஸ்பெயினை மரக்கானாவில் 3-0 என்று நொறுக்கி பிரேசில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையை வென்றது.

புதிய முறை இந்த ஓட்டைகளைப் பெரும்பாலும் அடைத்துவிட்டது. இப்போது நட்பு ஆட்டம் ஆடினால் சராசரி குறையும் என்ற பயம் இல்லை. ஜெயித்தால் ஏறுவீர்கள், தோற்றால் இறங்குவீர்கள். ஆனால் ஒரு தழும்பு மிச்சம். 2018-இல் புது முறையைத் தொடங்கும்போது எல்லாரையும் சமமாக வைத்துத் தொடங்கவில்லை. பழைய வரிசையில் முதலிடத்துக்கு 1600, அடுத்த ஒவ்வொரு இடத்துக்கும் 4 புள்ளி குறைவு என்று கொடுத்தார்கள். பழைய முறையில் தந்திரமாக ஏறியவர்களும் அநியாயமாக இறங்கியவர்களும் அப்படியே புது வீட்டுக்குள் வந்தார்கள்.

பிரான்ஸும் பெல்ஜியமும் கொஞ்சம் வேறு கதை, எனக்கு மிகவும் பிடித்த கதையும்கூட. 2018 உலகக் கோப்பை அரையிறுதியில் உம்தீதியின் தலையடி கோலில் பிரான்ஸ் 1-0 என்று பெல்ஜியத்தை வென்றது, பிறகு கோப்பையையும். செப்டம்பர் தரவரிசையில் இருவரும் 1729 புள்ளியுடன் சேர்ந்து முதலிடம். தரவரிசை வரலாற்றில் அதற்கு முன் அப்படி நடந்ததில்லை. அக்டோபரில் ஒரே ஒரு புள்ளியில் பெல்ஜியம் தனியாக முதலிடம். அதற்குப் பிறகு 2022 மார்ச் வரை அங்கேயே நின்றது! உலகச் சாம்பியன் பக்கத்து நாட்டில் இருக்கும்போது, ஒரு உலகக் கோப்பையோ யூரோவோ எடுக்காத அணி மூன்று வருடத்துக்கு மேல் உலகின் முதல் அணி. பிரெஞ்சு ரசிகர்கள் சட்டையின் நெஞ்சில் உலகக் கோப்பைக்கு ஒன்றாக இருக்கும் இரண்டு நட்சத்திரத்தைக் காட்டினார்கள், பெல்ஜிய ரசிகர்கள் பட்டியலைக் காட்டினார்கள்.

பெல்ஜியத்தின் முதலிடம் போலி இல்லை. யூரோ 2020 தகுதிச் சுற்றில் பத்துக்குப் பத்து வென்றார்கள். அந்தக் காலத்தில் பிரான்ஸ் துருக்கியிடம் 2-0 என்று தோற்றது. எதிர்பார்த்த ஆட்டத்தை எப்போதும் எதிர்பார்த்தபடி ஜெயிப்பது ஒரு தனித் திறமை. எலோ முறை அந்த நிதானத்துக்குக் கூலி கொடுக்கிறது. வேறொரு திறமையும் உண்டு: வாழ்வா சாவா என்ற இரவில் ஜெயிப்பது. 2021 அக்டோபரில் நேஷன்ஸ் லீக் அரையிறுதியில் பெல்ஜியம் 2-0 என்று முன்னால் இருந்தும் பிரான்ஸ் 3-2 என்று திரும்பி வந்தது. யூரோ 2024-இலும் பிரான்ஸ்தான். முதல் திறமையை எண்ணால் அளக்க முடிகிறது, இரண்டாவதை அளக்க முடிவதில்லை. "எங்கள் இருவரில் யார் பெரியவர்" என்று ரசிகர் கேட்கும்போது மனதில் இருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அப்படியானால் தரவரிசை வெறும் அலங்காரமா? நிச்சயமாக இல்லை. குலுக்கலில் எந்தத் தொகுப்பில் உட்காருவீர்கள் என்பதை அது தீர்மானிக்கிறது. ஒரு இடம் தவறினால் குழுவில் ஒரு பெரிய அணி கூடுதலாக வந்து சேரும். வீரர்களின் பிழைப்பையும் அது தொடும். இங்கிலாந்தில் 2015 முதல் 2020 வரை இருந்த வேலை அனுமதி விதிப்படி, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் வீரர் நேரடியாக அனுமதி பெற அவருடைய நாடு முதல் 50-க்குள் இருக்கவேண்டியிருந்தது. 31 முதல் 50 வரை என்றால் முந்தைய இரண்டு வருடத்தில் நாட்டின் முக்கியமான ஆட்டங்களில் 75 சதவீதத்தில் ஆடியிருக்கவேண்டும், முதல் 10 என்றால் 30 சதவீதம் போதும் என்று இருந்தது. ஒரு நாடு பத்து இடம் சரிவதால் ஒரு இளைஞனின் ஒப்பந்தம் நின்றுபோகலாம். ஆகவே "எண்தானே" என்று தள்ளிவிடவும் கூடாது.

இன்னொரு விஷயத்தை ரசிகர்கள் கவனிப்பதே இல்லை. உண்மையில் தரவரிசை நம்பத்தகுந்தது அண்டை நாடுகளை ஒப்பிடும்போதுதான். புள்ளிகள் ஒரு அணியிடமிருந்து இன்னொரு அணிக்குக் கைமாறுபவை. அணிகள் பெரும்பாலும் சொந்தக் கண்டத்துக்குள்ளேயே ஆடுவதால், அந்தக் கண்டத்துக்குள்ளேயே புள்ளி சுற்றுகிறது. ஆசியாவின் 60-ஆம் இடத்து அணியையும் ஆப்பிரிக்காவின் 50-ஆம் இடத்து அணியையும் ஒப்பிட நம்மிடம் பொது அளவுகோல் மிகக் குறைவு. ஆனால் நீங்களும் உங்கள் அண்டை நாடும் வருடா வருடம் அதே எதிரணிகளோடுதான் மோதுகிறீர்கள். அவர்கள் உங்களுக்கு மேலே நீண்ட காலம் நிற்கிறார்கள் என்றால், மற்றவர்களோடு ஆடும்போது உங்களைவிட நன்றாக ஆடுகிறார்கள் என்று பொருள். உங்களோடு ஆடும்போது தடுமாறுகிறார்கள் என்றால், அது உங்கள் பெருமை. இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

இந்தக் காய்ச்சல் தரவரிசையால் வந்ததும் இல்லை. தமிழில் பங்காளிக் காய்ச்சல் என்கிறோமே, அதேதான். எங்கோ தூரத்து நாடு முன்னேறினால் நமக்கு வலிப்பதில்லை. கூடவே வளர்ந்தவன், நம் பேச்சும் வழக்கமும் தெரிந்தவன் முன்னேறினால்தான் தூக்கம் போகிறது. இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது 1872-இல். 1966-இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றது. 1967 ஏப்ரலில் வெம்ப்ளிக்குப் போய் ஸ்காட்லாந்து 3-2 என்று அவர்களைத் தோற்கடித்ததும், ஸ்காட்லாந்து ரசிகர்கள் தங்களையே உலகச் சாம்பியன் என்று அறிவித்துக்கொண்டார்கள். தரவரிசை பிறக்க இன்னும் 25 வருடம் இருந்தது.

நான் இந்தப் போட்டியை விரும்புகிறேன். பக்கத்து நாடு மேலே ஏறுவதைப் பார்த்துத்தான் பல கால்பந்துச் சங்கங்கள் இளையோர் அணிகளுக்குப் பணம் ஒதுக்குகின்றன, பயிற்சியாளரை மாற்றுகின்றன, நல்ல எதிரணிகளோடு ஆட்டம் ஏற்பாடு செய்கின்றன. எனக்குப் பொறுக்காதது ஒன்றுதான்: பெனால்டியைத் தவறவிட்ட இருபது வயதுப் பையனின் சமூக வலைதளப் பக்கத்தில் போய் ஆயிரம் பேர் அவன் குடும்பத்தைத் திட்டுவது. அணியைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் வாதாடுங்கள். அந்தப் பையன் உங்கள் வாதத்தில் ஒரு பக்கம் அல்ல.

இனி உங்கள் அணிக்கு வருகிறேன். பட்டியலில் இடத்தைப் பார்க்காமல் பக்கத்திலிருக்கும் புள்ளியைப் பாருங்கள். நடு வரிசையில் அணிகள் ஓரிரு புள்ளி இடைவெளியில் நெருக்கியடித்து நிற்கும். அங்கே எட்டு இடம் என்பது ஒரு வெற்றியாக இருக்கலாம். மேல் வரிசையில் ஒரே இடம் தாண்டவும் ஒரு முழுப் போட்டி தேவைப்படலாம். நேரடியாக மோதும் ஆட்டத்துக்கு ஒரு தனிச் சிறப்பு: நீங்கள் பெறுவதை அவர்கள் இழப்பதால் இடைவெளி இரண்டு மடங்கு வேகத்தில் குறையும். உங்களுக்கும் அவர்களுக்கும் 40 புள்ளி இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். தகுதிச் சுற்றில் அவர்களை ஒருமுறை வென்றால் இடைவெளி 13 ஆகிவிடும். இரண்டாவது வெற்றியில் தாண்டிவிடுவீர்கள். இடைவெளி 150 என்றால், தொடர்ந்து மூன்று வெற்றிக்குப் பிறகும் 58 மிச்சமிருக்கும். இந்தோனேசியாவுக்கு நடந்தது ஏறக்குறைய இதுதான். அவர்களை மட்டும் அடித்தே அந்த 150-ஐக் கடக்கவேண்டும் என்றால் ஆறாவது வெற்றி வரை காத்திருக்க வேண்டும். அண்டை நாடுகள் அவ்வளவு அடிக்கடித் தகுதிச் சுற்றில் சந்திப்பதில்லை. அதனால் உங்கள் அணி அவர்களைத் தாண்டும் நாள், பெரும்பாலும் அவர்கள் களத்திலேயே இல்லாத ஏதோ ஒரு ஆட்டத்தில், உங்களைவிடப் பெரிய மூன்றாவது ஒரு நாட்டை நீங்கள் வெல்லும் நாளாகத்தான் இருக்கும்.